வயல் வேலைக்கு ரப்பர் பூட்ஸ்: தேர்ந்தெடுக்க வேண்டிய முறை

உழவு மாட்டைக் கல்லிலும் கரம்பிலும் ஓட்டுமுன் அதன் குளம்புக்கு லாடம் அடிப்பது நம் முன்னோர் கண்ட வழக்கம். டிராக்டர் வந்த பின்னரும், டயரின் நிலையைப் பாராமல் அதை வயலில் இறக்குவோர் எவருமிலர். இவை வீண் செலவென்று ஒரு குடியானவரும் சொல்வதில்லை. ஆனால் இரவில் மடை திறக்கவும், கரும்பில் சோகை உரிக்கவும், எருக்குழியில் இறங்கி எரு வெட்டவும் செல்லும் மனிதருடைய காலுக்கு ஒரு காப்பு வேண்டுமென்னும் எண்ணம் மட்டும் நம் கிராமங்களில் இன்னும் வேரூன்றவில்லை.

கடைகளில் 'கம்பூட்ஸ்' என்று வழங்கும் நீர் புகாத ரப்பர் பூட்ஸ், மண்வெட்டியையும் அரிவாளையும் போன்ற ஒரு பண்ணைக் கருவியே. அதை நிலமுடையவர் தம் செலவிலேயே வாங்கித் தரவேண்டும். வாங்கும்போது உயரத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்காமல், அணியப் போகிறவரின் கால் அளவையும் செய்யப் போகிற வேலையையும் பார்த்து வாங்கவேண்டும். இதுவே இங்கு வற்புறுத்த விரும்பும் கருத்து. அளவு பாராமல் வாங்கிய பூட்ஸ் இரண்டு நாள் காலிலும் பிறகு கொட்டகை மூலையிலும் கிடக்கும். மூலையில் கிடக்கும் பூட்ஸ் எவரையும் காப்பதில்லை.

வெறுங்காலால் விளையும் கேடுகள்

இக்கேடுகளுள் முதன்மையானது பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கக்கூடுமென்று 2020-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டுள்ளது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். ஏறத்தாழப் பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலத்தில் நேர்ந்தவை. வயலில் கடிபடும் இடம் பெரும்பாலும் பாதமும், கணுக்காலும், கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியுமே. வரப்பிலும் வைக்கோலிலும் கிடக்கும் கண்ணாடிவிரியன் சருகோடு சருகாய்த் தோன்றும். மிதிக்கும் வரையில் கண்ணுக்குப் புலப்படாது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடி, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கப்பட்டது. இம்மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைப்பதற்கென மத்திய அரசும் அதே ஆண்டு மார்ச்சில் ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது.

இரண்டாவது கொக்கிப்புழு. மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் இதன் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடலுக்குள் புகுகிறது. இவ்வுண்மையைக் கெய்ரோ நகரில் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1898-ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் இப்புழுவால் வரும் சோகையே பல வேலையாட்களின் சோர்வுக்குக் காரணம். அதைச் சோம்பல் என்று நாம் வைதுகொண்டிருக்கிறோம். அமெரிக்காவின் தென் மாகாணங்களில் 1909 முதல் 1914 வரை இந்நோயை எதிர்த்து நடந்த பெருமுயற்சியில், கக்கூசும் காலணியும் வற்புறுத்தப்பட்டன.

மூன்றாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, காலிலுள்ள வெடிப்பு, கீறல், சேற்றுப்புண் இவற்றின் வழியே உட்புகும். நோய் முற்றினால் ஈரலும் சிறுநீரகமும் கெட்டு உயிருக்கே ஆபத்து நேரும். நெல்வயலும் கரும்புத் தோட்டமும் எலிகள் விரும்பும் இடங்களென்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

நான்காவது பூச்சிமருந்து. தெளிப்பவரின் காலிலேயே மருந்து மிகுதியாகப் படிகிறது. மருந்தைக் கையாளுவோருக்குத் தக்க காப்புடை இருக்கவேண்டுமென்று 1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகள் கூறுகின்றன. அவை எண்ணிச் சொல்லும் காப்புப் பொருள்களுள் பூட்ஸும் ஒன்று. ஆகவே இது தயவின்பாற்பட்டது அன்று, சட்டத்தின்பாற்பட்டது.

பிற நாட்டாரின் அனுபவம்

பச்சை ரப்பர் கோடையில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறையைக் கண்ட பின்னரே ரப்பர் காலணி உழைக்கத் தொடங்கிற்று. 1853-இல் ஹைரம் ஹட்சின்ஸன் என்பவர் பிரான்சு தேசத்தில் ஒரு தொழிற்சாலை நிறுவி, மரக்கட்டைச் செருப்போடு ஈரவயலில் உழன்ற குடியானவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் செய்து விற்றார். ஜப்பானில் வைக்கோற் செருப்பு விரைவில் அற்றுப்போவதைக் கண்ட இஷிபாஷி குடும்பத்தார் 1923-இல் ரப்பர் அடியுள்ள துணிக்காலணியை உழைப்பாளிகளுக்கென விற்கத் தொடங்கினர். முதலில் வாங்கியவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். பின்னர் அது வயலுக்கும் பரவியது. நீர் புகாத காலணி பெரும்பாலும் உழைப்போருக்காகவே வளர்ந்தது என்பது இவற்றால் விளங்கும்.

மேல்நாடுகளில் சதுப்பு நிலத்தில் வாத்து வேட்டையாடுவோரும் இப்பூட்ஸையே நம்பியிருக்கின்றனர். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. எனினும் சேற்றில் மணிக்கணக்காக நிற்கும் அவர்கள் பூட்ஸில் தேடும் குணங்கள் நமக்கும் வேண்டியவையே: நீர் கசியாமை, குதிகாலை விடாத பிடிப்பு, சேற்றை உதிர்க்கும் அடித்தளம், மடிப்பில் வெடிக்காத ரப்பர். ஒன்றுமட்டும் நமக்கு ஆகாது. அவர்களுக்கென நியோப்ரீன் என்னும் பஞ்சுபோன்ற ரப்பரை வைத்துச் செய்யும் பூட்ஸ் காலுக்குச் சூடு தருவது. பனி பெய்யும் நாட்டுக்கு உகந்த அதை வேட்டை பூட்ஸ் என்ற பெயருக்காக அதிக விலை கொடுத்து வாங்குவது, சித்திரை வெயிலில் கம்பளி போர்த்துவதற்கு ஒப்பாகும்.

எந்த வேலைக்கு எந்த உயரம்

மாட்டுத்தொழுவம், பால் கறக்குமிடம், கோழிக்கொட்டகை ஆகியவற்றிற்குக் கணுக்காலுக்குச் சற்று மேல் வரும் குட்டையான பூட்ஸ் போதும். காய்கறித் தோட்டத்திற்கும் மருந்து தெளிப்பிற்கும் கெண்டைக்காலின் பாதிக்கு மேல் வருவது வேண்டும். இரவு நீர்ப்பாய்ச்சல், கரும்பு வெட்டு, புல்லறுப்பு, வைக்கோற்போர் பிரித்தல் ஆகியவற்றிற்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை வரும் நீளமான பூட்ஸே தகும்.

உழுது சேறாக்கிய நடவு வயலுக்கு இந்நீளமான பூட்ஸ் பொருந்தாது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். சேறு அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், காலை இழுத்தால் பூட்ஸ் நின்றுவிடும். விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே புகுந்துவிட்டாலோ வெறுங்காலினும் அது துன்பம். நடவுக்கென்றே ஜப்பானில் காலோடு ஒட்டி நிற்கும் மெல்லிய ரப்பர் பூட்ஸைக் கணுக்காலில் வாரிட்டு அணிகின்றனர். அத்தகையது கிடைக்காத இடத்தில், காலில் புண்ணுள்ளவரை அன்று சேற்றில் இறக்காதிருப்பதும், வேலை முடிந்தவுடன் நல்ல நீரில் சோப்பிட்டுக் கால் கழுவி விரலிடுக்குகளைத் துடைக்கச் செய்வதுமே செய்யத்தக்கவை. நடவுக்கு உதவாது என்பதைக் காரணமாக்கி, வரப்பிலும் களத்திலும் தோட்டத்திலும் நடக்கும் மற்ற வேலைகளுக்கும் பூட்ஸ் வேண்டாமென்று தள்ளுவது நியாயமன்று.

ரப்பரா, பி.வி.சி.யா

விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை பி.வி.சி. என்னும் செயற்கைப் பொருளால் வார்த்தவை. ஒரே அச்சில் வார்ப்பதால் இவற்றில் இணைப்பு குறைவு, விலையும் குறைவு. ஆனால் கனம் அதிகம். நாளடைவில் அவற்றை மிருதுவாக்கும் சேர்க்கை வெளியேறி விறைத்துப்போகும். விறைத்த பின் கணுக்கால் மடியுமிடத்தில் வெடிப்புக் காணும். அவ்வெடிப்பைச் சரிசெய்வதும் எளிதன்று.

மரப்பாலிலிருந்து எடுத்த இயற்கை ரப்பர் நன்றாக வளைந்து கொடுக்கும். பல்லாயிரம் முறை மடிந்தாலும் எளிதில் வெடிக்காது, முள்ளும் தட்டையும் கீறினாலும் சட்டென்று கிழியாது. ஓட்டை விழுந்தால் சைக்கிள் கடையில் டியூபுக்கு ஒட்டுவதுபோல் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். ஆனால் டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் இவற்றிற்கு அது பகை. அவை பட்ட இடம் உப்பி ஊறிவிடும். ஆகவே நீர்ப்பாய்ச்சவும் அறுவடைக்கும் செல்பவருக்கு இயற்கை ரப்பரும், எந்திரங்களோடும் எண்ணெயோடும் பழகுபவருக்கு பி.வி.சி. அல்லது நைட்ரைல் ரப்பர் கலந்ததும் ஏற்றவை. புது ரப்பரின்மேல் வெண்பூச்சுப் போலத் தோன்றுவது பெரும்பாலும் அதிலுள்ள மெழுகு வெளிவருவதே. துடைத்தால் போய்விடும், குற்றமன்று. இந்தியத் தர முத்திரையும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ரப்பர் பூட்ஸிற்கு ஐ.எஸ். 5557, பி.வி.சி. பூட்ஸிற்கு ஐ.எஸ். 12254 என்பன அத்தர எண்களாம்.

கால் அளவே தலையாயது

மிகப் பல பூட்ஸ்கள் பயனற்றுப்போவது ரப்பரின் குற்றத்தாலன்று, அளவின் குற்றத்தாலேயே. பண்ணைக்குப் பத்து ஜோடி ஒரே அளவில் வாங்கிப் போட்டுவிட்டு, "வாங்கித் தந்தும் போடமாட்டேன் என்கிறார்கள்" என்று குறை கூறுவோர் உண்டு. இளமை முதல் வெறுங்காலால் நடந்தவரின் பாதம் விரற்பக்கம் அகன்றிருக்கும். நகரத்தாரின் காலுக்கென வார்த்த குறுகிய அச்சு அதை நெருக்கிக் கொப்புளமாக்கும். எனவே நீளத்தை மட்டுமன்றி அகலத்தையும் பார்க்கவேண்டும்.

மாலையில் கால் சிறிது வீங்கியிருக்கும். அளவெடுக்க அதுவே தகுந்த நேரம். ஒரு காகிதத்தின்மேல் ஒவ்வொருவரையும் நிற்கச் செய்து, இரு பாதங்களையும் சுற்றிக் கோடிட்டு, அக்காகிதத்தைக் கடைக்கு எடுத்துச் செல்லலாம். பருத்திக் காலுறையோடு அணிந்து பார்க்கும்போது பெருவிரலுக்கு முன் ஒரு விரற்கடை இடம் இருக்கவேண்டும். நடக்கையில் குதிகால் சற்றே எழலாமேயன்றி, வழுக்கி ஏறியிறங்கக் கூடாது. கெண்டைக்காலைச் சுற்றி இரு விரல் நுழையும் இடைவெளி போதும். அதிகமானால் நெல்மணியும் தட்டையும் உள்ளே விழும். அறுவடையிலும் களையெடுப்பிலும் பெரும்பங்கு பெண்களுடையது. ஆண்களுக்கென வார்த்த பெரிய பூட்ஸை அவர்கள் அணிந்தால் தடுக்கி விழுவர். சிறிய அளவுகளைக் கேட்டு வரவழைப்பது வாங்குவோரின் கடமை.

அடித்தளமும் பரீட்சையும்

களிமண் நிலத்திற்கு, ஆழமும் இடைவெளியும் உள்ள பெரிய பற்கள் வேண்டும். நெருங்கிய சிறு வரிகளில் களிமண் அப்பிக்கொண்டு வழுக்கும். சிமெண்டுத் தளமுள்ள தொழுவத்திற்கு நெருங்கிய வரிகளே நல்ல பிடிப்புத் தரும். மிருதுவான அடி நன்றாகப் பற்றும், ஆனால் விரைவில் தேயும். கடினமான அடி நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரக்கல்லில் வழுக்கும். இரண்டிற்கும் நடுவானதைத் தேர்க.

கடையிலேயே சில சோதனைகளைச் செய்துகொள்ளலாம். கணுக்கால் பக்கத்தை நன்றாக மடக்கிப் பார்த்தால், மட்டமான சரக்கில் மடிப்பு வெளுத்து மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். மேற்பகுதியும் அடியும் சேருமிடத்தை விரலால் தடவி, விட்டுப்போன இடம் உண்டா என்று காணவேண்டும். உள்ளே கைவிட்டுத் துணி சுருங்கியோ கிழிந்தோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வீட்டிற்கு வந்ததும் பூட்ஸின் வாயை இறுக மடித்துப் பிடித்துக்கொண்டு ஒரு தொட்டி நீரில் அமிழ்த்தினால், கசிவுள்ள இடத்தில் குமிழி எழும். சைக்கிள் டியூபுக்குச் செய்யும் சோதனைதான் இது.

பாதுகாக்கும் முறை

வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, நிழலில் உலர்த்துக. வெயிலும் அடுப்பு வெப்பமும் ரப்பரின் ஆயுளைக் குறைக்கும். மின்மோட்டார் உள்ள அறையிலும் வைக்கலாகாது: மோட்டாரின் பொறியால் உண்டாகும் ஓசோன் என்னும் வாயு ரப்பரை வெடிக்கச் செய்யும். சாதாரண ரப்பர் பூட்ஸ் அணிந்திருக்கிறோம் என்னும் தைரியத்தில் ஈரமான சுவிட்சைத் தொடுவதும் அபாயம். அது மின்சாரக் காப்புக்கென்று செய்யப்பட்டதன்று.

இரு முளைகளை நட்டு அவற்றின்மேல் பூட்ஸைக் கவிழ்த்து வைத்தால் உள்ளீரமும் வற்றும், தேளும் பூரானும் குடிபுகா. அப்படியிருந்தும், அணியுமுன் தலைகீழாக உதறிப் பார்ப்பதை விடலாகாது. காலுறையின்றி நாள் முழுதும் அணிந்தால் வியர்வையால் சேற்றுப்புண் உண்டாகும். ஆளுக்கு இரு ஜோடிப் பருத்திக் காலுறைகள் தருவது நலம். மருந்து தெளிப்பவர் கால்சட்டையின் விளிம்பைப் பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விடவேண்டும். இல்லையேல் வழியும் மருந்து உள்ளே இறங்கிக் காலோடு தங்கிவிடும்.

பாம்புப் பல் எந்த ரப்பரிலும் நுழையாதென்று உறுதி கூறுவதற்கில்லை. தடித்த ரப்பர் கடியின் ஆழத்தைக் குறைக்கும். பலமுறை அதைத் தடுத்தும்விடும். எனவே பூட்ஸோடு கைவிளக்கும் கோலும் சேர்ந்தே செல்லவேண்டும். கடித்துவிட்டால் கீறுதலும், உறிஞ்சுதலும், இறுகக் கட்டுதலும் தவறு. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்வதே வழி.

சில ஆட்சேபங்கள்

செலவு அதிகம் என்பர். 300 ரூபாய்க்கு வாங்கிய ஒரு ஜோடி ஒரு போகத்தில் கிழிந்துபோகிறது, 800 ரூபாய்க்கு வாங்கிய ஒரு ஜோடி ஐந்து போகம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் போகத்திற்கு 300, பின்னதில் 160. மலிவென்று நாம் எண்ணியதே விலையுயர்ந்தது. ஒரு பாம்புக்கடிக்கு ஆகும் வைத்தியச் செலவையும், இழந்த வேலை நாட்களையும், ஒரு குடும்பம் தன் உழைப்பாளியை இழப்பதையும் கணக்கில் சேர்த்தால் வாதத்திற்கே இடமில்லை.

வெப்பம் தாங்காது என்பர். உண்மைதான். ஆதலால் நண்பகலில் எல்லா வேலைக்கும் அணியவேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. இரவிலும், அதிகாலையிலும், மழைக்காலத்திலும், புல்லடர்ந்த இடத்திலும் அணிந்தாலே பெருங்கேடு விலகும்.

மூன்றாவது ஆட்சேபத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனாலேயே அதைச் சொல்லவேண்டியிருக்கிறது. நிலத்தைத் தாயென மதித்துப் பாதரட்சையை வரப்பில் கழற்றிவிட்டு இறங்குவோரின் பக்தியைக் குறித்து இங்கே பேச்சில்லை. வேலையாள் காலணியோடு எதிரே வந்தால் அது தமக்கு மரியாதைக் குறைவு என்று கருதிய ஒரு வழக்கம் நம் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. சில இடங்களில் அதன் நிழல் இன்னும் நீங்கவில்லை. தீண்டாமை எவ்வுருவிலும் கூடாதென்று 1950 முதல் நம் அரசியல் சாசனம் விதித்திருக்கிறது. சாசனம் ஒருபுறமிருக்க, வெறுங்காலில் மரியாதையைத் தேடுபவர், அக்காலில் பாம்பு தீண்டும்போது அதற்குப் பொறுப்பேற்பாரா? காலணி அணிந்தவர் தலை நிமிர்ந்து நடப்பாரென்பது மெய்யே. அப்படி நடப்பவர் தம் பண்ணையில் வேலை செய்வது நிலமுடையவருக்குப் பெருமையேயன்றிச் சிறுமையன்று.

செய்யவேண்டியது

நிலமுடையோர் வரும் மழைக்காலத்திற்கு முன்பாகத் தம் ஆட்களின் கால் அளவுகளைக் குறித்துக்கொண்டு, இரவில் நீர் பாய்ச்சுபவருக்கும் மருந்து தெளிப்பவருக்கும் முதலிலும், மற்றவர்க்குப் பின்னரும் பூட்ஸ் வாங்கித் தரவேண்டும். சிறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமோ உழவர் குழுவின் மூலமோ ஒன்றுசேர்ந்து வாங்கினால் விலையும் குறையும், வேண்டிய அளவுகளும் கிடைக்கும். கிராம அதிகாரிகள் கூட்டங்களில் உரத்தையும் விதையையும் பற்றிப் பேசும்போது இதனையும் சேர்த்துப் பேசலாம். அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறதென்பதை விசாரித்து ஊர்ச்சாவடியில் எழுதி வைக்கலாம். வாங்கித் தருபவர் தாமும் அணிந்து ஒருநாள் வரப்பில் நடந்து காட்டுவாரானால், நூறு பிரசங்கத்தினும் அது மேலான பலனைத் தரும். விதை நேர்த்தியும் வரிசை நடவும் ஊரில் பரவியதும் யாரோ ஒருவர் முதலில் செய்து காட்டியதால்தான். இதற்கும் அந்த ஒருவர் வேண்டும்.